துணி சுற்றித் திருகிய கை

"அண்ணி, கதவு திறக்க மாட்டேங்குது."

"நல்லா தள்ளிப் பாரு தம்பி."

"தள்ளிட்டேன். தோள்தான் நகருது. கதவு அப்படியே நிக்குது."

வெளியிலிருந்து பதில் இல்லை. அண்ணி பேசவில்லையென்றால் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு மூச்சு முட்டி நான் போய்ச் சேர்ந்தாலும், பார்ப்பதைப் பார்த்து முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

நான் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு லாரியின் முதுகில் ஏற்றிய வீட்டுக்குள். வீடு என்றால் வீடேதான். வலப்பக்கம் ஒரு படுக்கை, இடப்பக்கம் ஒரு படுக்கை, நடுவில் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, தலைக்கு மேல் அலமாரிகள். ஒரு காலத்தில் சிமென்ட் மூட்டை சுமந்த கனரக லாரி அது. சாலையே இல்லாத பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் போய்வர வேண்டும் என்று ஒரு பல் டாக்டர் ஆசைப்பட்டதால், இந்தப் பட்டறையில் அதற்கு மறுபிறவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய சோதனைக்காக முன்சக்கரம் ஒன்றை மட்டும் இரும்புச் சரிவின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

லாரியைப் பின்னால் எடுத்துச் சமதரைக்குக் கொண்டு வந்தார்கள். நான் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தேன். கதவு திடீரென்று நல்ல பிள்ளையாகத் திறந்துகொள்ள, நான் நேராக அண்ணியின் காலடியில் போய் விழுந்தேன்.

"ஆசீர்வாதம் அப்புறம் வாங்கிக்கலாம். எழுந்திரு," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஊருக்குத் துப்பறியும் நிபுணர். நான் அவருக்கு உதவியாளன். கார் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, நடுநடுவே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

பட்டறை முதலாளி கதவு மூலையைத் தடவிப் பார்த்தார். முடி அளவுக்கு ஒரு விரிசல். மனிதர் பீரோ மாதிரி இருப்பார், ஆனால் அந்த விரிசலைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"ரெண்டாவது வாட்டி மேடம். சமதரையில கதவு அருமையா திறக்குது. ஒரு சக்கரம் மேட்டுல ஏறினா இறுகிக்குது. விரிசலை மறுபடி வெல்டிங் வச்சு, எல்லாத்தையும் சரி பண்ணி, மறுபடி இதே கதை. இது தானா நடக்கல. யாரோ செய்யறாங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

அவர் பார்வை போன திசையில், சுவரோரம், பட்டறையின் வெல்டர் தன் கையுறைகளையும் முகமூடியையும் ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வெல்டர் வேறு யாருமில்லை, முதலாளியின் கூடப்பிறந்த தங்கையின் கணவர்.

"தனியா பட்டறை போடப் போறேன்னு போன மாசம் சொன்னான். என் பேரைக் கெடுத்துட்டு டாக்டரையும் சேத்து இழுத்துட்டுப் போகப் பார்க்குறான். சாயங்காலத்தோட கிளம்பச் சொல்லிட்டேன். ஆனா என் தங்கச்சி, ஆதாரம் இல்லாம அவரை அனுப்பினா உன் வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுட்டா. அந்த ஆதாரத்துக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

ஆதாரம் கிடைத்தால் மட்டும் தங்கை வந்து வாழ்த்திவிட்டா போவாள்? இவ்வளவு பெரிய லாரியைக் கட்டத் தெரிந்த மனிதருக்கு இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை. தங்கை என்றால் அவருக்கு உயிர் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அண்ணி வெல்டரிடம் போனார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் செய்யலைன்னு மச்சான்கிட்ட ஒரு வாட்டி சொல்லிட்டேன். நம்பாதவங்ககிட்ட ரெண்டாவது வாட்டி சொல்ற பழக்கம் எனக்கு இல்லைங்க."

அண்ணி தலையாட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, லாரியின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்தார். நானும் முதலாளியும் இருபுறமும் குந்தினோம்.

"இந்த வீட்டுப் பெட்டி, லாரி மேல எப்படி உக்காந்திருக்குன்னு சொல்லுங்க."

"பெட்டிக்கு அடியில தனியா ஒரு சட்டம் இருக்கு மேடம். அதைப் பின்னாடி லாரிச் சட்டத்தோட கெட்டியா முடுக்கிடுவோம். முன்னாடி மட்டும் பக்கத்துக்கு மூணு போல்ட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பிரிங். மேடு பள்ளத்துல லாரிச் சட்டம் முறுக்கிக்கும். அப்ப ஸ்பிரிங் அமுங்கி விட்டுக் கொடுக்கும். மேல இருக்கற பெட்டி முறுக்கிக்காது."

"குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க," என்றேன். முதலாளி சிரிக்கவில்லை.

"இப்ப ஸ்பிரிங் விட்டுக் கொடுக்கல," என்றார் அண்ணி.

கொடுக்க வழியே இல்லை. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. அந்த அளவுக்கு நட்டு இறுக்கப்பட்டிருந்தது. சரியான அளவில் முடுக்கியதும் நட்டு மேலும் போல்ட்டு மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். நட்டின் கோடு ஒரு பக்கம், போல்ட்டின் கோடு ஒரு பக்கம் என்று இரண்டும் இப்போது பேச்சுவார்த்தை இல்லாமல் நின்றன.

"வலப்பக்கம் மூணும் இப்படித்தான். இடப்பக்கம் ஒண்ணு. மீதி ரெண்டை விட்டுட்டான்," என்றார் முதலாளி.

"ஏன் விட்டாங்க?"

"அது ரெண்டும் டீசல் டேங்குக்குப் பின்னாடி. மல்லாக்கப் படுத்து உள்ள போகணும்."

"உங்க மாப்பிள்ளை மல்லாக்கப் படுக்க மாட்டாரா?"

முதலாளி டேங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் சறுக்குவது பட்டறைக்காரர்களுக்கு நாம் நாற்காலியில் உட்காருவது போல. அன்று காலையிலிருந்து அங்கே நான் பார்த்ததில் பாதி பேருக்கு முகமே கிடையாது, கால்தான்.

"தம்பி, நட்டைப் பாரு."

பார்த்தேன். நட்டின் முனைகளில் பல் பதிந்த தடம். ஆனால் பெயின்ட் உரியவில்லை. அதன் மேல் துணியின் நெசவு பதிந்திருந்தது, கோலமாவுச் சல்லடையால் அழுத்தியது போல. ஒரு போல்ட்டின் திருகு மறையில் சின்னதாக மஞ்சள் நூல்.

"பட்டறையில ரிங் ஸ்பேனர்தானே?"

"எல்லா அளவிலயும் இருக்கு மேடம்."

"இது வீட்டுல வச்சிருக்கற ஸ்க்ரூ ஸ்பேனர். வாயைக் கூட்டிக் குறைக்கலாமே, அது. நட்டு மேல துணி சுத்தித் திருகியிருக்காங்க. அதோட, சுத்திலும் பாருங்க. வண்டி அடி முழுக்கச் சேறு. இந்த நாலு நட்டைச் சுத்தி மட்டும் துடைச்சு வச்சிருக்கு."

"கெடுக்க வந்த ஆள் துடைச்சுட்டுப் போயிருக்கானா?" என்றேன். "அண்ணி, இவ்வளவு பொறுப்பான எதிரி கிடைச்சா நம்ம வீட்டுக்கும் ஒருத்தரை வரச் சொல்லலாம்."

"அதேதான் நானும் யோசிக்கிறேன்," என்றார் அண்ணி. அவர் யோசித்தது எதிரியைப் பற்றி. வீட்டைப் பற்றி நினைத்திருந்தால் நல்லது.

அந்த நேரம் பார்த்து டாக்டரின் கார் உள்ளே வந்தது.

டாக்டர் காரிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். கையில் சுருட்டிய வரைபடம், தலையில் பாலைவனத்துக்கான தொப்பி. பாலைவனத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவே கடல் இருக்கிறது என்பது தொப்பிக்குத் தெரியாது. பின்னாலேயே அவர் மனைவி வந்தார். டாக்டரம்மா உயரமானவர், வாட்டசாட்டமானவர். தோளில் ஒரு பெரிய கைப்பை. மரியாதைக்காக அதை வாங்கி வைக்கப் போனேன். கை கீழே இறங்கியது.

"என்னம்மா, கல்லா?"

"வீட்டுச் சாமான்," என்று பையைப் பிடுங்கிக்கொண்டார்.

டாக்டர் முதலாளியின் தோளில் கை போட்டு டயரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். டாக்டரம்மா லாரியைப் பார்த்த பார்வை, பிடிக்காத சம்பந்தி வீட்டைப் பார்க்கிற பார்வை.

"நீங்களும் போறீங்களாம்மா?" என்று அண்ணி பேச்சுக் கொடுத்தார்.

"நானா? நான் வரலைங்க. முதல் நாள்லேருந்து சொல்லிட்டு இருக்கேன். இவர் ஆசைப்படறார், போய்ட்டு வரட்டும். நான் எங்க வீட்டுல நிம்மதியா இருப்பேன்."

"வாரா வாரம் கூட வர்றீங்களே?"

"தனியா அனுப்பினா வழியில இன்னொரு லாரிக்குச் சொல்லிட்டு வந்துடுவார்."

நான் அண்ணியைத் தனியே இழுத்துப் போனேன். என் நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி. டாக்டரம்மாதான். பயணம் பிடிக்கல. வண்டி கெட்டா பயணம் நிக்கும். டாக்டரும் முதலாளியும் டயரைச் சுத்திப் பேசிட்டிருக்கற நேரத்துல இந்தம்மா லாரியைச் சுத்தி வர்றாங்க. பை கனக்குது. கையும் களவுமா பிடிக்க வேண்டியதுதான்."

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"அதை டீ குடிச்சுக்கிட்டே பார்ப்போம். நீ போய் ஆபீஸ் ரூம்ல இருக்கற டீ மேஜையோட ஒரு கால் போல்ட்டைத் தளர்த்திட்டு வா. டீ தளும்பணும், சிந்தக் கூடாது."

அண்ணியிடம் காரணம் கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தளர்த்தினேன்.

பட்டறையின் ஆபீஸ் அறை என்பது கண்ணாடித் தடுப்பும், காலண்டரும், வாடிக்கையாளர்கள் விட்டுப்போன ஒற்றைக் குடையும் உள்ள அறை. ஆறு பேர் உட்கார்ந்தோம். வெல்டர் வர மாட்டேன் என்றார். அண்ணி போய்க் கூப்பிட்டதும் வந்து கதவோரம் உட்கார்ந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு. டீ வந்தது. முதலாளி முழங்கையை ஊன்றினார். மேஜை ஆடியது. ஆறு டம்ளரும் ஒன்றாகத் தளும்பின.

முதலாளி முழங்காலால் மேஜைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பேசினார். டாக்டர் தன் விசிட்டிங் கார்டை மடித்து மேஜைக்காலுக்கு அடியில் சொருகினார். அதுவும் தப்பான காலுக்கு. நான் என் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆறாவதாக அங்கே உட்கார்ந்திருந்த பெயின்டர் ஒன்றையும் கவனிக்காமல் ஊதி ஊதிக் குடித்தார். வெல்டர் எந்தப் போல்ட்டு என்பதை ஒரே பார்வையில் கண்டுகொண்டு, கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி உட்காரவே இல்லை. நின்றபடி டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஒரு வாய் குடித்தார். மேஜை ஆடியது. பல்லைக் கடித்தார். இன்னொரு வாய். மறுபடி ஆடியது.

"ஒரு போல்ட்டு ஒழுங்கா இறுக்கத் தெரியாதா இந்தப் பட்டறையில?" என்று முணுமுணுத்தபடி குனிந்தார். கைப்பைக்குள் கை போயிற்று. வெளியே வந்தது ஒரு நீளமான ஸ்க்ரூ ஸ்பேனர், மஞ்சள் துணியில் குழந்தை மாதிரி சுற்றி வைத்தது. துணியை உருவிப் போல்ட்டின் மேல் போட்டு, நாலே திருகில் இறுக்கி, துணியாலேயே காலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். அறையில் எல்லோரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா துணி?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"வெறும் ஸ்பேனர் போட்டா பளபளப்பு போயிடும். எங்க வீட்டுக் குழாய் எல்லாம் நான்தான் இறுக்குறது. இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் இருக்காது."

"லாரிக்கு அடியில நாலு நட்டுலயும் கீறல் இல்லைம்மா."

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"நீங்கதான்னு சொல்ல நான் வரலை. அந்த நாலு நட்டு இறுகினதாலதான் கதவு மாட்டுது, மூலை விரியுது. அதைச் செஞ்சது இவர்தான்னு நினைச்சு, சாயங்காலத்தோட இவரை வேலையை விட்டு அனுப்பறாங்க. இவர் முதலாளிக்கு வெளியாள் இல்லை, தங்கச்சி புருஷன். அது மட்டும் உங்களுக்குத் தெரியட்டும்னு சொன்னேன்."

டாக்டரம்மா வெல்டரைப் பார்த்தார். அவர் மடியிலிருந்த பையையும், பையிலிருந்து எட்டிப்பார்த்த முகமூடியையும் பார்த்தார்.

"நான்தான்," என்றார். "ஆனா கெடுக்கணும்னு செய்யல. வர்ற போதெல்லாம் பார்க்குறேன், ஸ்பிரிங் இப்படித் தொளதொளன்னு நிக்குது. திருகிப் பார்த்தா நட்டு போயிட்டே இருக்கு. இவ்வளவு பெரிய வண்டியில இப்படி லூசா விட்டு வைப்பாங்களான்னு நானே இறுக்கினேன். அடுத்த வாட்டி வந்தா மறுபடி லூசா கிடக்கு. மறுபடி இறுக்கினேன். எதுக்கு ஸ்பிரிங்னு எனக்கு யாரு சொன்னா?"

முதலாளி திருதிருவென விழித்தார். டாக்டரோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கேட்டிருக்கலாமேம்மா," என்றார் டாக்டர்.

"யாரை? உங்களையா? கேட்டா, வரலைன்னு சொன்னவளுக்கு வண்டி மேல என்ன அக்கறைன்னு கேப்பீங்க."

"என்ன அக்கறை?"

டாக்டரம்மா டம்ளருக்குள் பார்த்தார். இதுதான் நான் தவறவிட்ட பாதி: ஆள் சரி, காரணம் தப்பு. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு வாய் அரித்தது, சொல்லிவிட்டேன்.

"டாக்டர், வலப்பக்கம் மூணு நட்டு இறுகியிருக்கு. இடப்பக்கம் ஒண்ணுதான். உங்க படுக்கை எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்," என்றார் டாக்டர். பிறகு மனைவியைப் பார்த்தார். "என் பக்கம் ஒண்ணுதானா?"

"டேங்கு மறைக்குது. எனக்குக் குனிஞ்சு உள்ள போக முடியலை. உங்க பக்கம்தான் முதல்ல இறுக்கணும்னு பார்த்தேன்." அவர் குரல் உடைந்தது. "எங்கேயோ நடுவழியில பெட்டி கழண்டு விழுந்து, நீங்க மட்டும் தனியா..."

டாக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத் தெரியாத மனிதர்.

வெல்டர்தான் முதலில் எழுந்தார். ரிங் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். நாலு நட்டையும் பழைய கோட்டுக்குத் தளர்த்தினார். முதலாளி லாரியை மறுபடி சரிவில் ஏற்றினார். உள்ளே ஆள் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நான் ஏறுறேன்," என்றார் டாக்டரம்மா.

முன்சக்கரம் மேலே போயிற்று. லாரிச் சட்டம் முனகியபடி முறுக்கிக்கொண்டது. ஸ்பிரிங்குகள் அமுங்கின. பெட்டி லேசாகச் சாய்ந்ததோடு சரி. உள்ளேயிருந்து ஒரு விரல் தள்ளியதும் கதவு திறந்தது. டாக்டரம்மா வாசலில் நின்று, கீழே படியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இங்க பிடிச்சு ஏற ஒரு கம்பி வைக்கணும். தினம் ஏறி இறங்க எனக்குக் கஷ்டமா இருக்கும்."

டாக்டர் படிக்கு அருகே போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வச்சுடலாம்மா," என்றார் முதலாளி. பிறகு வெல்டர் பக்கம் திரும்பினார். பீரோ போன உடம்பு, அசடு வழிந்துகொண்டு.

"மாப்ள... டீ ஆறிப்போச்சுல்ல. வேற சொல்லவா?"

"டீ கிடக்கட்டும் மச்சான்."

முதலாளி அவர் அருகே போனார். "தப்பு என் மேலதான். கூடவே இருந்த உன்னைச் சந்தேகப்பட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு மாப்ள."

"என்கிட்ட சொன்னா ஆச்சா? வீட்டுல காலையிலேருந்து அழுதுட்டு இருக்கா."

முதலாளி போனை எடுத்தார். எடுத்துவிட்டு அண்ணியிடம் நீட்டினார். "மேடம், நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா எடுபடும்."

"நான் கண்டுபிடிக்கறதுக்குத்தான் வந்தேன். திட்டு வாங்கறதுக்கு வேற ஆள் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி வானத்தைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் தானே பேசினார். "நான்தான்மா... ஆமாம்மா, அவர் செய்யல... இல்லம்மா, இப்பத்தான் தெரிஞ்சுது... ஆமா, அறிவு இல்லைதான்... அதுவும் இல்லைதான்மா." போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தார். அப்படியும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு வெல்டரிடம் கொடுத்தார். வெல்டர் ஓரமாகப் போய், ம், ம் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, பையைத் திறந்து முகமூடியை வெளியே எடுத்து ஆணியில் மாட்டினார்.

"என்ன மாப்ள சொன்னா?" முதலாளியின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"போன்ல திட்டினா திருப்தியா இல்லையாம். சாயங்காலம் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னா."

முதலாளி தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான்.

"எத்தனை மணிக்கு வரணுமாம்?" என்றார். திட்டு வாங்கப் போகிற மனிதர் இவ்வளவு சந்தோஷமாக நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை.